சில்வண்டின் வீட்டுத்துணை

மார்ச் 4
மலையின் வயிற்றுக்குள்ளிருந்து

கத்தரிக்கோல் வேந்தர், ஊசிமுனைச் சக்கரவர்த்தி, என் தங்கையின் கொழுந்தனார் ஆகிய மாப்பிள்ளை அவர்களின் சமூகத்துக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. அடுத்தவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்?

இந்தச் சுரங்க முகாமில் போன் வேலை செய்யாது என்பது உமக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை டீசல், ரொட்டி, கடிதம் மூன்றும் ஒரே லாரியில் வரும். மூன்றிலும் டீசல்தான் மணக்கும். நேற்று வந்த தங்கையின் கடிதத்தில் மட்டும் ஏதோ கருகிய வாசனை. என் வயிறுதான் அது. "அண்ணா, கவலைப்படாதே. சில்வண்டோடு இப்போது கொழுந்தனார் உட்காருகிறார். நன்றாகப் போகிறது" என்று எழுதியிருக்கிறாள். கிரேன் கூண்டில் உட்கார்ந்து படித்தேன். என் கை நடுங்கியதில் தொங்கிக்கொண்டிருந்த பாறை நடுங்கி, பாறை நடுங்கியதில் மலை அரை அடி நகர்ந்து, இப்போது எஞ்சினியர்கள் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வயலின் டீச்சரின் சட்டத்தை உமக்கு நினைவூட்டுகிறேன். ஒரு குழந்தைக்கு ஒரு வீட்டுத்துணை. வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்காருவதும், தினமும் மாலையில் வீட்டில் கூட இருந்து வாசிக்கவைப்பதும், தானும் கொஞ்சம் கற்றுக்கொள்வதும் அந்த ஒருவர் வேலை. ஜூலையில் நடக்கும் மாணவர் கச்சேரியில் குழந்தை பாட்டை வாசிக்க, பக்கத்தில் நின்று விரல் வைக்காத வெறுங்கம்பியை நீளமாக இழுத்துக்கொண்டிருப்பதும் அவர்தான். ஒருவர்தான். இருவர் கிடையாது. அந்த ஒருவர் யார்? என் தங்கை மகளான அந்த ஏழு வயது ராட்சசிக்கு வயலின் வாங்கிக் கொடுத்தது யார்? அவள் முதல் தடவை வில்லைப் போட்டபோது எழுந்த ஓசையைக் கேட்டு அவளுக்குச் சில்வண்டு என்று பெயர் சூட்டியது யார்?

புறப்படும்போது உம்மிடம் என்ன சொன்னேன்? நாற்காலியைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். பார்த்துக்கொள்வது கண்ணால் செய்கிற வேலை.

சரி, உட்கார்ந்துவிட்டீர். என் விளையாட்டுகளையாவது மாற்றாதீர். எறும்பு விளையாட்டு: வில்லைச் செங்குத்தாகப் பிடித்து, விரல்களை எறும்பாக்கி அடியிலிருந்து நுனிவரை ஏற்றி இறக்க வேண்டும், வில்லைப் பிடிக்கும் கைக்கு வலு வரும். கையில்லா ராஜா: வயலினைத் தாடையால் மட்டும் பிடித்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, அரண்மனையைச் சுற்றி வர வேண்டும். அந்தக் குழந்தையின் கலை வாழ்க்கை இவ்விரண்டு தூண்களின் மேல் நிற்கிறது.

ஜூலையில் விடுப்பு எடுத்து வந்து நாற்காலியைப் பெற்றுக்கொள்கிறேன். அதுவரை ஓரமாக உட்காரும்.

இப்படிக்கு,
உண்மையான வீட்டுத்துணை


மார்ச் 17

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. உறையைத் திறந்ததும் அடித்த டீசல் வாடையில், தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியை அடுத்த அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

நாற்காலியை நான் பிடுங்கவில்லை. அண்ணன் விடியுமுன்பே பேக்கரிக்குப் போய் அடுப்பு மூட்டுகிறவர். சாயங்காலம் நின்றுகொண்டே தூங்குவார். அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் மாறி மாறி டியூட்டி. முன்னறையில் மெஷின் போட்டு நாள் முழுதும் வீட்டிலேயே இருப்பவன் நான் ஒருவன்தான். துணை இல்லாமல் வரும் குழந்தையை டீச்சர் உள்ளே விடுவதில்லை. ஓரமாக உட்காரவும் முடியாது, அது ஒற்றை நாற்காலி.

உங்கள் தூண்களைப் பற்றி: எறும்பு மூன்றாம் நாளே வில்லின் நுனியைத் தாண்டி மேலே தொங்கிய பல்பில் ஏறியது. புது பல்பு வாங்கினேன். கையில்லா ராஜா அரண்மனையைச் சுற்றி வந்து என் மெஷினில் முட்டினார். நான் பாய்ந்து வயலினைப் பிடித்தேன். ராஜாவுக்கு முட்டியில் சிராய்ப்பு.

ஆகவே சில மாற்றங்கள் செய்தேன். என் அளவு நாடாவைத் தரையில் நீட்டி வைத்திருக்கிறேன். வில்லை ஒரே இழுப்பாக இழுத்தபடி நாடாவின் மேல் நடக்க வேண்டும். ஓசை எங்கே விட்டுப்போகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு. தினமும் கோடு கொஞ்சம் தள்ளிப் போகிறது. அடுத்தது பட்டன். இரண்டு கிண்ணங்கள் வைத்திருக்கிறேன். ஒரு வரியை ஒழுங்காக வாசித்தால் இந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு பட்டன் அந்தக் கிண்ணத்துக்குப் போகும். பாப்பாவே எடுத்துப் போடுவாள். முத்துப் பட்டனைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள்.

"மாமாவுக்கு இந்த விளையாட்டுத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "ஐயோ பாவம்" என்றாள். நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பழைய வயலின் ஒன்று நானும் வாங்கியிருக்கிறேன். நல்ல நாதம் என்று டீச்சர் சொன்னார். உங்களுடையதோடு ஒப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தையற்காரன்


மார்ச் 30
மலையின் வயிறு, எரியும் பகுதி

பட்டன் பேரரசர் அவர்களுக்கு,

ஐயோ பாவமாமே. அந்த வார்த்தையை உறையில் போட்டு அனுப்ப உமக்கு எப்படி மனம் வந்தது? நான் அதைப் படித்துவிட்டுப் போட்ட பெருமூச்சில் சுரங்கத்தின் மறுபக்கத்திலிருந்தவர்கள், துளை விழுந்துவிட்டது, காற்று வருகிறது என்று கைதட்டியிருக்கிறார்கள்.

நான் இங்கே சும்மா இல்லை. வேலை முடிந்ததும் சுரங்க வாயில் நின்று வெறுங்கம்பி பழகுகிறேன். முதல் வாரம் வௌவால்கள் குடும்பத்தோடு வெளியேறின. இரண்டாம் வாரம் வெல்டர் வேறு கொட்டகைக்கு மாறினார். இப்போது என் ஓசை அவ்வளவு சுத்தம், சமையற்காரரே அழுகிறார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

இத்துடன் வரும் பொட்டலத்தில் ஒரு பகடை இருக்கிறது. சுரங்கக் கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டை மரத்திலிருந்து நானே செதுக்கியது. எண்கள் கிடையாது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம். கொக்கு விழுந்தால் ஒற்றைக் காலில் நின்று வாசிக்க வேண்டும். சுண்டெலி விழுந்தால் எலிக்கு மட்டும் கேட்கும்படி. பூதம் விழுந்தால் தெருவே அதிரும்படி. மூடிய கண் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு. ஆமை விழுந்தால் ஆமை மாதிரி. ஆறாவது பக்கத்தில் இருப்பது என் முகம். அது விழுந்தால், மாமாவை நினைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். முகம் கொஞ்சம் உருளைக்கிழங்கு மாதிரி அமைந்துவிட்டது. உருளைக்கிழங்கு என்று அவளிடம் சொல்லிவிடாதீர், உமக்குப் புண்ணியமாகப் போகும்.

உம்மிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். பள்ளிவிட்டு வந்ததும் அவள் கை முதலில் எதற்குப் போகிறது, பகடைக்கா பட்டனுக்கா? தையல் மெஷின் மேல் கை வைத்துச் சத்தியமாக எழுதும்.

இப்படிக்கு,
ஆறாவது பக்கம்


ஏப்ரல் 14

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

பகடை வந்தது. கை முதலில் பகடைக்குத்தான் போகிறது. சத்தியம் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். புதுசு என்பதால் இருக்கலாம்.

உருளைக்கிழங்கு என்று நான் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள்.

இப்போது விளையாட்டில்லாத விஷயம். கச்சேரிக்கு அவள் வாசிக்க வேண்டிய பாட்டு சின்னதுதான், நான்கு வரி. மூன்றாவது வரியின் நடுவில் மூன்றாம் விரல் வைக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் விரலை வைக்கிறாள். ஓசை தொங்கிப்போகிறது. தோளில் சரியாக உட்காராத சட்டை மாதிரி, கேட்டவுடனே தெரிகிறது. ஒரு நாள் பட்டன் வைத்தேன், சரியாக வந்தது. மறுநாள் பழையபடி. பகடை போட்டேன், கொக்காக நின்று சரியாக வாசித்தாள். மறுநாள் பழையபடி. விரல் வைக்கும் இடத்தில் நட்சத்திரம் ஒட்டினேன். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.

போன வகுப்பில் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு, இதை இப்படி யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். மற்ற துணைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உங்களைச் சொன்னேன்.

அந்த வரி சரியாகாவிட்டால் இந்த வருடம் அவளை மேடையேற்ற மாட்டாராம். பாதி வெந்ததைப் பரிமாற மாட்டேன் என்கிறார். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

தையற்காரன்


ஏப்ரல் 26
அவமானப்பட்ட மலையிலிருந்து

மாப்பிள்ளை,

என்னைச் சொன்னீரா? இருபது துணைகளுக்கு முன்னால், நான் இல்லாத சபையில், என் தலையில் கட்டினீரா? அந்த மூன்றாவது வரியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் புறப்பட்டபோது அவள் இரண்டாவது வரியில் இருந்தாள், அதுவும் தங்கமாக இருந்தது. மூன்றாவது வரி முழுக்க முழுக்க உம் ஆட்சியில் நடந்த ஊழல். பட்டனை எண்ணிக்கொண்டிருக்கும் குழந்தை விரலை எப்படி எண்ணும்?

ஆனாலும் குழந்தை மேடையேற வேண்டும். என் பக்கத்தில் நின்றுதான் ஏறப்போகிறாள் என்பதால் இதில் எனக்கும் அக்கறை உண்டு. உதவி செய்கிறேன், எழுதிக்கொள்ளும்.

விளையாட்டின் பெயர் கோட்டைக் கதவு. நீர் வீட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். கதவை அவள் உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். மூன்றாவது வரியைச் சரியாக வாசித்தால் கதவு திறக்கும், நீர் உள்ளே வரலாம். தப்பாக வாசித்தால் நீர் வெளியேதான். எதிரிப் படை பட்டினி கிடக்கிறது என்று அவளுக்குச் சொல்லும். ஆர்வம் பிறக்கும். காதால் கேட்டுத் தீர்மானிக்கிற விளையாட்டு, உயர்ந்த ரகம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டதா அங்கே? சும்மா கேட்டேன்.

மாமன்


மே 11

மச்சான் அவர்களுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. உங்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

படிக்கட்டில் நின்றேன். உள்ளே மூன்றாவது வரி. தப்பு. மறுபடியும். தப்பு. தூறல் பிடித்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, எதிரிப் படை நனையுதா என்று கேட்டாள். நனையுது என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே ஓடி, மறுபடி தப்பாக வாசித்தாள். எதிர்வீட்டு அம்மா குடையோடு வந்து, வீட்டில் ஏதாவது சண்டையா தம்பி என்று விசாரித்துவிட்டுப் போனார். இப்போது மூக்கடைப்பு. தும்மலில் ஊசி தடம் மாறி ஒரு கால்சட்டை பாழாயிற்று.

நான்காம் நாள் பொறுமை போய்விட்டது. நூல் வாங்கக் கடைக்குப் போகிறேன் என்று கத்திவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து அடுக்களையில் நின்றேன். அவள் தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. மூன்றாம் விரல் தன் இடத்தில் கச்சிதமாக விழுந்தது. இன்னொரு தடவை வாசித்தாள். அப்போதும் கச்சிதம். நான் அறைக்குள் காலெடுத்து வைத்தேன். தொங்கிப்போனது.

கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டேன். கொஞ்சமும் பயமில்லை.

"சரியா வாசிச்சா நீங்க பட்டன எடுத்து வெச்சிட்டு தைக்கப் போயிடுவீங்க. மாமாவும் புதுசா எதுவும் அனுப்ப மாட்டாரு. அப்புறம் நான் என்ன பண்றது?"

மச்சான், யார் சொல்லிக் கொடுத்தது என்ற டீச்சரின் கேள்விக்கு இதுதான் பதில். நாம் இரண்டு பேரும்தான்.

அவள் சொன்னதில் சித்தப்பாவான நான் முதலில் வந்தேன், மாமா அப்புறம்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கச்சேரிக்குத் துணை யார் என்று ஜூனுக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.

தையற்காரன்


மே 22
மலை, சற்றே அடங்கிய நிலையில்

மூக்கடைப்பு மாமன்னரே,

உம் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் கிரேன் கூண்டிலிருந்து விழுந்திருப்பேன், பெல்ட் காப்பாற்றியது. ஏழு வயதில் இரண்டு கடோத்கஜர்களை விரல் நுனியில் ஆட்டி வைத்திருக்கிறாள். என் ரத்தம். உம் ரத்தமும் இருக்கிறது என்பீர். புத்தி பகுதி என் பக்கத்திலிருந்து வந்தது.

நமக்குள் போர்நிறுத்தம். இனிப் புது விளையாட்டு எதுவும் நான் அனுப்பமாட்டேன். நீரும் பட்டன், நாடா, நட்சத்திரம் அனைத்தையும் மூட்டை கட்டும். மாலையில் நீர் அந்த அறைக்குள் போகக் கூடாது. போனால், நான் இல்லாத இடத்தில் நீர் மட்டும் கூட இருப்பதால், அவள் மனம் உம் பக்கம் சாயும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பிள்ளை தனியாகவும் இருக்கக் கூடாது. அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். உம் அண்ணனை உட்கார வையும். எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகி இத்தனை வருடத்தில் அவர் ஒரு விளையாட்டுக்கூடக் கண்டுபிடித்ததில்லை. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே அவருக்குப் பெரிய விளையாட்டு. அவரால் உமக்கும் ஆபத்தில்லை, எனக்கும் ஆபத்தில்லை. நாற்காலியில் ஒரு மாவு மூட்டையைச் சாய்த்து வைத்த மாதிரி. நான் வந்ததும் மூட்டையை இறக்கிவிட்டு, யார் வேண்டும் என்று அவளையே கேட்போம். லஞ்சம் கிடையாது. நான் வாங்கி வைத்திருக்கும் ஊதா நிற வயலின் பெட்டி லஞ்சமல்ல, மழைக்காலப் பாதுகாப்பு.

சம்மதமா?

போர்நிறுத்தத் தூதன்


ஜூன் 9

மச்சான்,

சம்மதித்துத்தான் செய்தேன். இப்போது என்னைத் திட்டாதீர்கள், யோசனை உங்களுடையது.

முதல் நாள் அண்ணன் பேக்கரியிலிருந்து வந்து, கை கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தார். காதோரம் மாவு. நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் போகக் கூடாது என்பது ஒப்பந்தம் என்பதால் ஓரமாகத்தான் பார்த்தேன். முதல் வரி முடிவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. பாப்பா வாசிப்பதை நிறுத்தி அவரையே பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இல்லை. வில்லை மெதுவாகக் கம்பி மேல் வைத்து, ரொம்ப மெதுவாக, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒரு இடத்தில் வில் கீச்சென்றது. அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

அதிலிருந்து தினமும் இதுதான். அப்பாவைத் தூங்க வைக்க வேண்டும். தூங்கிய பிறகு எழுப்பாமல் நான்கு வரியையும் முடிக்க வேண்டும். வில் தடுக்கினாலோ விரல் தப்பினாலோ அவர் கண் திறக்கும், ஆட்டம் முதலிலிருந்து. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்கள் அனுப்பவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். மூன்றாவது வரி இப்போது இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. முன்பு நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். இப்போது அப்பா எப்போ வருவார் என்று வாசலில் நிற்கிறாள்.

நேற்று அண்ணன் என்னிடம் வந்து, வெறுங்கம்பி என்றால் எது, பாப்பா காட்டினாள், மறந்துவிட்டது என்றார். அவள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், மச்சான். வில் பிடிக்க என் வயலினையே கேட்டார். கொடுத்தேன். அவர் கையில் அது ரொட்டி நறுக்கும் கத்தி மாதிரி இருந்தது. அவள் அவருடைய கட்டை விரலை மடக்கி வைத்து, "அப்பா, இறுக்காதீங்க, அது ஓடிப் போகாது" என்றாள்.

இன்று வகுப்பில் டீச்சர் துணை யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் "எங்கப்பா" என்றாள்.

காஜாவைத் தப்பான பக்கத்தில் எடுத்துவிட்டேன். சீக்கிரம் வாருங்கள். தனியாகப் பொறாமைப்பட என்னால் முடியவில்லை.

தையற்காரன்


ஜூன் 17
மலை இருந்த இடம்

அன்புக்குரிய மாப்பிள்ளை,

மாவு மூட்டை ஏமாற்றிவிட்டது. இதுவரை நான் பட்ட பொறாமையெல்லாம் ஒத்திகை என்று இப்போதுதான் தெரிகிறது. உம்மேல் பட்டபோதாவது ஒரு மரியாதை இருந்தது. நீர் பட்டன் போட்டீர், நாடா விரித்தீர், மழையில் நனைந்தீர். அவர் என்ன செய்தார்? தூங்கினார். தூங்கி ஜெயித்த மனிதரை வரலாற்றில் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீரா?

இனி நீரும் நானும் ஒரே கட்சி. கச்சேரிக்கு உம் அண்ணன் போடும் சட்டையை நீர்தானே தைப்பீர்? வலது கையைக் கொஞ்சம் இறுக்கமாக வெட்டும். ரொம்ப வேண்டாம், வில்லை மேலே தூக்க முடியாத அளவுக்குப் போதும். கடைசி நேரத்தில் துணை இல்லாமல் குழந்தை திகைக்கும். வயலினும் கையுமாக நான் முன்வரிசையில் இருப்பேன். உமக்கும் பங்கு உண்டு, பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களை நீர் திருப்பலாம்.

விடுப்புக் கிடைத்துவிட்டது. மூன்றாம் தேதி லாரியில் ஏறுகிறேன்.

உம் தோழன்


ஜூலை 8

மச்சான்,

உங்களுக்காக முன்வரிசையில் நான் பிடித்து வைத்திருந்த இடத்தில் கடைசியில் என் குடையை வைத்தேன். மலைப்பாதை மழையில் அடித்துப் போய்விட்டது, எந்த லாரியும் இறங்காது என்று அண்ணியின் ஆஸ்பத்திரிக்குச் செய்தி வந்தது. நடந்தாவது வந்துவிடுவீர்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டையைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். நீங்கள் சொன்னபடி வெட்டினேன். நீங்கள் சொன்னதால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். கச்சேரிக்கு மூன்று நாள் முன்பு அண்ணன் போட்டுப் பார்த்தார். கை பாதியிலேயே நின்றது. "நாந்தான் பெருத்துட்டேன் போல" என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்தார். மறுநாளும் ஒதுக்கினார். தான் சுட்ட ரொட்டியைத் தானே தள்ளி வைத்தார். பாப்பா அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. சட்டையை வாங்கி உட்கார்ந்து, தையல் முழுதும் பிரித்து, தோளிலிருந்து மறுபடி தைத்தேன். என் கையால் அவ்வளவு நல்ல தோள் இதுவரை அமைந்ததில்லை.

மேடையில் இருவரும் நின்றார்கள். அண்ணன் வெறுங்கம்பியை இழுக்க ஆரம்பித்தார். ஒரே சீராக, அடுப்பு எரிகிற மாதிரி. பாப்பா பாட்டைத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் பார்த்தேன், அண்ணனின் கண் மூடிக்கொண்டது. பழக்கம், மச்சான். அந்தப் பாட்டுக் கேட்டாலே மனிதர் தூங்கிவிடுகிறார். அவர் கை மட்டும் நிற்கவில்லை, வில் போய் வந்துகொண்டிருந்தது. பாப்பா அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் எழுந்துவிடாதபடி, இன்னும் மெதுவாக மூன்றாவது வரிக்குப் போனாள். அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. நான்காவது வரி முடிந்ததும் அவர் கால் விரலை மிதித்தாள். அவர் கண்ணைத் திறந்து குனிந்து வணங்கினார்.

எனக்குப் பக்கத்திலிருந்தவர், எப்படி லயித்துப் போயிட்டார் பாருங்க என்றார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. கையும் தட்டினேன்.

தையற்காரன்


ஜூலை 16
மலை

மாப்பிள்ளை,

பாதை திறந்ததும் முதல் லாரியில் உம் கடிதம் வந்தது. பாறைகளை அகற்றியது என் கிரேன்தான். கச்சேரிக்கு முன்பு ராத்திரி பகலாக, ஒரு மலையையே தனியாளாகத் தூக்கிப் போட்டேன் என்று வழக்கமாக எழுதுவேன். உண்மையில் பாதிகூட முடியவில்லை. பாட்டு நடக்கும் நேரம் எது என்று தெரியும். அந்த நேரத்தில் சுரங்க வாயில் நின்று வெறுங்கம்பியை இழுத்தேன். அன்று யாரும் எழுந்து போகவில்லை. வெல்டர்கூட.

உம் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கச்சேரிக்காக. அடுத்த இரண்டு தடவையும், மாமா ஏன் வரவில்லை என்று அவள் கேட்ட வரி எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இல்லை. நீர் எழுத மறந்திருப்பீர் என்று வைத்துக்கொள்கிறேன். மறக்கவில்லை என்றால் எழுதாதீர்.

சட்டையைப் பிரித்தது சரி. நானாக இருந்தாலும் பிரித்திருப்பேன், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த மாதம் வருகிறேன். நாற்காலி கேட்கப்போவதில்லை. உம் அண்ணன் துணையாகவே இருக்கட்டும். அவருக்கு ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு, ஒரே ஒரு மாலை நான் அந்த அறையில் சாய்ந்துகொள்கிறேன். என்னைத் தூங்க வைக்கச் சொல்லும். அதற்காகப் பயிற்சியில் இருக்கிறேன். நேற்று கிரேன் கூண்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது சூப்பர்வைசர் பிடித்துவிட்டார். கலைக்காக அந்தத் திட்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் உம்மிடம் மட்டும் சொல்கிறேன், உம் அண்ணன் காதுக்குப் போக வேண்டாம். நான் தூங்கமாட்டேன். அவள் வாசிக்கும்போது அந்த மனிதருக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ. கண்ணை மட்டும் மூடிக்கொண்டு குறட்டையும் விடுவேன். முதல் வரி கேட்பேன், இரண்டாவது வரி கேட்பேன், மூன்றாவது வரியில் அந்த விரல் கச்சிதமாக விழுவதைக் கேட்பேன். நான்காவது வரி முடியப்போகும்போது ஒரு கண்ணைத் திறப்பேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

மாமன்